ஏரியோரம் குளிர்ச்சி: டுலூத் கோடை நாட்குறிப்பு

மே 21, வியாழன்

மாதத்தின் மூன்றாவது வியாழன். அமெரிக்க அரசின் வானிலை, கடல் ஆய்வு நிறுவனமான நோவாவின் பருவநிலை மையம் அடுத்த மூன்று மாதங்களுக்கான வெப்பநிலை வரைபடத்தை இன்றுதான் வெளியிடும், காலையிலேயே திறந்து பார்த்துவிட்டேன். நாங்கள் இருக்கும் டுலூத் ஊர் உள்ள வடக்கு மினசோட்டா மாநிலப் பகுதியின் மேல் லேசான ஆரஞ்சு. உடனே பக்கத்து வீட்டில், அலுவலகத்தில், எல்லோரும் "இந்த வருடம் நல்ல வெயில்" என்று ஆரம்பித்துவிட்டார்கள். அந்த நிறம் அப்படிச் சொல்லவே இல்லை. 1991 முதல் 2020 வரை வந்த கோடைகளைச் சூடானவை, நடுத்தரம், குளிர்ந்தவை என்று மூன்று சம பங்காகப் பிரித்து வைத்திருக்கிறார்கள், வரப்போகும் கோடை எந்தப் பங்கில் விழும் என்பதற்கான வாய்ப்புதான் அந்த நிறம். எந்தப் பக்கமும் சாயாவிட்டால் ஆளுக்கு 33 சதவீதம், வரைபடத்தில் வெள்ளையாக விட்டுவிடுவார்கள். லேசான ஆரஞ்சு என்றால் சூடான பங்குக்கு 33-லிருந்து 40-க்குள். 40 என்றே வைத்துக்கொண்டாலும் மீதி 60 இருக்கிறதே!

பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ, குளிரும் லா நினா பற்றியும் கேட்கிறார்கள். இங்கே அவற்றின் கை ஓங்குவது குளிர்காலத்தில்தான், கோடையில் பிடி தளர்ந்துவிடும். எங்கள் கோடையைப் பிடித்து வைத்திருப்பது வீட்டு ஜன்னலுக்கு எதிரே கிடக்கிற சுப்பீரியர் ஏரி. 82,000 சதுர கிலோமீட்டர், மிக ஆழமான இடத்தில் 406 மீட்டர். இங்கத்திய பூர்வகுடிகளான ஓஜிப்வே மக்கள் இதை கிச்சிகாமி என்கிறார்கள், பெருங்கடல் என்று சொல்லலாம். கரையில் நின்று பார்த்தால் வேறு பெயர் தோன்றாது.

மே 25, திங்கள்

நினைவு நாள் விடுமுறை. இங்கே தோட்டம் வைத்திருப்பவர்கள் இந்த நாள் தாண்டித்தான் தக்காளி நாற்றை வெளியே வைப்பார்கள். நானும் இருபது நாற்றுகளைத் தாழ்வாரத்தில் வைத்துவிட்டு ஸ்வெட்டரைத் தேடிக்கொண்டிருந்தேன். மலை மேல், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் தோழி வீட்டுக்குப் போயிருந்த மனைவி மதியம் போன் செய்தாள்.

"என்னங்க, இங்க 27 டிகிரி, வியர்த்துக் கொட்டுது. நீங்க நட்டாச்சா?"

"இங்க 11. பனிமூட்டத்துல எதிர் வீடே தெரியல."

காரில் கால் மணி நேரத் தூரம். விமான நிலையம் ஏரியைவிட ஏறக்குறைய 250 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, உயரம் கூடினால் குளிர வேண்டும், இங்கே தலைகீழ். கிழக்கிலிருந்து காற்று வந்தால் ஏரியின் குளிரை அப்படியே சுருட்டிக்கொண்டு வந்து எங்கள் தெருவில் கொட்டும், மலைமுகட்டைத் தாண்டுவதற்குள் அதன் சக்தி போய்விடும். வானிலை அறிவிப்பில் கடைசியாக "ஏரியோரம் குளிர்ச்சி" என்று ஒன்றைச் சேர்ப்பார்கள். வெளியூர்க்காரர்கள் அதைக் கவனிக்காமல் அரைக்கால் சட்டையோடு ஏரிக்கரைச் சுற்றுலாப் பகுதியான கெனால் பார்க்கில் வந்து நடுங்குவதை ஒவ்வொரு ஜூனிலும் பார்க்கிறேன், பாவமாக இருக்கும்.

நாற்றுகளைத் திரும்ப உள்ளே வைத்தேன். இரவு 13 டிகிரிக்குக் கீழே போய்க்கொண்டே இருந்தால் தக்காளி பூக்கும், காய் பிடிக்காது.

ஜூன் 4, வியாழன்

காலையில் சூரியன் செம்பருத்தி நிறத்தில் வந்தது. கனடாவின் காட்டுத்தீப் புகை. வடமேற்குக் காற்று அதை நேராக இங்கே இறக்கிவிட்டது. மகளுக்கு ஆஸ்துமா, ஒன்பது வயது, பள்ளி முடியப்போகிற நேரத்தில் வெளியே விளையாடாதே என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். பெட்டி மின்விசிறியின் பின்பக்கம் வடிகட்டியை டேப் போட்டு ஒட்டி அவள் அறையில் ஓடவிட்டிருக்கிறேன், இன்ஹேலர் மேஜை மேலேயே.

இதைத்தான் கோடை முன்கணிப்பு பார்ப்பவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். வெப்பம், மழை இரண்டுக்கும் வரைபடம் உண்டு, புகைக்கு மூன்று மாத வரைபடம் கிடையாது. 2021, 2023, 2025 மூன்று வருடமும் புகை வந்தது. 2025 மே மாதம் தீ நம் மாவட்டத்திலேயே, பிரிம்ஸன் பக்கம் காட்டில் பிடித்தது, வீடுகள் எரிந்தன. வசந்தத்தில் பனி உருகி, புல் பச்சையாவதற்கு முன் காய்ந்து கிடக்கும் அந்தச் சில வாரங்கள் எனக்கு இப்போதெல்லாம் பயமாகத்தான் இருக்கின்றன.

ஜூன் 18, வியாழன்

புது வரைபடம் வந்தது. ஆரஞ்சு இன்னும் கொஞ்சம் வெளிறியிருக்கிறது. மழைக்குச் சம வாய்ப்பு, வெள்ளை.

நாளையும் நாளை மறுநாளும் 2012 வெள்ளத்தின் நாட்கள். ஜூன் 19, 20. சில இடங்களில் 25 சென்டிமீட்டர் மழை, செங்குத்தான மலைச்சரிவு ஓடைகள் எல்லாம் சாலையைப் பிய்த்துக்கொண்டு இறங்கின, விலங்குக் காட்சிசாலையிலிருந்து ஒரு சீல் நீந்தித் தெருவுக்கே வந்துவிட்டது. அங்கேயே விலங்குகள் பல செத்தும் போயின, சீல் படத்தைப் பகிர்கிறவர்கள் அதைச் சொல்வதில்லை. அந்தக் கோடையில் ஏரியின் தென்கரைப் பக்கம் நீலப்பச்சைப் பாசி படர்ந்தது. 2018-லும் ஜூனில் பெருமழை, ஆகஸ்டில் பாசி. இவ்வளவு குளிர்ந்த, சுத்தமான ஏரியில் பாசியா என்று நம்ப முடியாமல் இருந்த காலம் போய்விட்டது. மூன்று மாத மழையின் சராசரி, ஒரே இரவில் கொட்டுவதைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

ஜூன் 20, சனி

கிராண்ட்மாஸ் மாரத்தான். டூ ஹார்பர்ஸ் பக்கத்திலிருந்து ஏரிக்கரையோடு தென்மேற்கே 42 கிலோமீட்டர் ஓடி கெனால் பார்க்கில் முடியும். நான் திட்டும் வடகிழக்குக் காற்றை ஓட்டக்காரர்கள் வேண்டிக்கொள்வார்கள், முதுகில் தள்ளிக்கொண்டே வரும், உடம்பும் சூடாகாது. இன்று அவர்களுக்குக் கிடைத்தது. 12 டிகிரி, தூறல். லண்டன் ரோட்டில் குடையோடு நின்று கத்தியதில் மகளுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

தக்காளியை ஒருவழியாகப் போன வாரம் நட்டுவிட்டேன், சுவரோரமாக, கல் சூட்டை வாங்கி வைத்திருக்கும் இடத்தில்.

ஜூலை 5, ஞாயிறு

ஏரியில் மிதக்கும் அளவுக் கருவி காட்டும் நீர் வெப்பநிலை இந்த வாரம்தான் நகர்ந்திருக்கிறது. தண்ணீர் 4 டிகிரியில்தான் மிகக் கனமாக இருக்கும், அதனால் ஏரி அதற்குக் கீழே இருக்கும்வரை மேல்பரப்பு கொஞ்சம் சூடானால் உடனே கனத்து மூழ்கிவிடும், கீழே இருக்கும் குளிர் மேலே வந்துவிடும். சராசரி ஆழமே 147 மீட்டர், அவ்வளவையும் சூடாக்கி முடித்தால்தான் வெதுவெதுப்பு மேலே மிதக்க ஆரம்பிக்கும். நடு ஏரியில் அது ஜூன் கடைசி, ஜூலை ஆரம்பம். பனிக்கட்டி குறைவான குளிர்காலம் என்றால் சீக்கிரம் வரும். 2014-ல் ஜூன் முதல் வாரம்கூட மிச்சிகன் மாநிலத்தின் மார்கெட் (Marquette) நகர்ப்பக்கம் பனிக்கட்டி மிதந்தது, 2023-24 குளிர்காலத்தில் ஏரி கிட்டத்தட்ட உறையவே இல்லை. இந்த ஊர்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007-ல் எழுதியதில், 1979-க்கும் 2006-க்கும் இடையில் கோடை நீர் சுமார் 2.5 டிகிரி சூடாகிவிட்டது, சுற்றியிருக்கும் காற்றைவிட வேகமாக. கோடையில் நீந்த நன்றாக இருக்கிறது என்று சந்தோஷப்படுகிறவர்களிடம் இதைச் சொல்லும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்.

ஜூலை 11, சனி

நேற்றுவரை மூன்று நாள் வடகிழக்குக் காற்று. மேலே மிதந்த வெதுவெதுப்பான நீரை எல்லாம் எங்கள் மூலைக்குத் தள்ளிக் குவித்தது, நீர் 18 டிகிரி, ஆனால் பார்க் பாயின்ட் கடற்கரையில் சிவப்புக் கொடி, இழுப்பு நீரோட்டம், யாரையும் இறங்கவிடவில்லை. ராத்திரி காற்று திசை மாறி மேற்கிலிருந்து வீச ஆரம்பித்தது. இன்று காலை புகையில்லாத நீல வானம், 31 டிகிரி, அலையே இல்லை, பச்சைக் கொடி. மகள் துண்டோடு காரில் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

மணலில் கால் சுட ஓடிப்போய் இறங்கியவள் முழங்கால் ஆழத்தில் அப்படியே நின்றுவிட்டாள். மேற்குக் காற்று வெதுவெதுப்பையெல்லாம் நடு ஏரிக்குத் துரத்திவிட்டது, அடியிலிருந்து குளிர் ஏறியிருக்கிறது. போனில் பார்த்தேன், 8 டிகிரி.

"அப்பா, நேத்து சுடுதண்ணின்னு சொன்னீங்களே."

"நேத்து இருந்துச்சும்மா."

பத்து வரை எண்ணிவிட்டு முங்கி எழுந்தாள், அலறலோடு. அப்புறம் இன்னொரு தடவை.