சட்டை என்ன கலர்?

"காலையில என்ன கலர் சட்டை போட்டிருந்தான்?"

காவல் நிலையத்தில் அந்த ஏட்டம்மா கேட்டதும் பக்கத்து வீட்டு அக்கா திருதிருவென விழித்தார். "நீலம்... இல்ல, பச்சைக் கட்டம்..."

அவர் போனில் பையனின் போட்டோ முந்நூறாவது இருக்கும். எல்லாம் பிறந்தநாள், கல்யாணம், கோயில். அன்றைய சட்டை எதிலும் இல்லை.

பதிமூன்று வயது. டியூஷனுக்குப் போனவன் எட்டரை ஆகியும் வரவில்லை.

அக்காவின் கணவர் வேறு, "24 மணி நேரம் கழிச்சுதானே மேடம் கம்ப்ளெய்ன்ட் எடுப்பீங்க?" என்று இழுத்தார்.

"அதெல்லாம் சினிமாவுல சார்" என்றபடியே அவர் எழுத ஆரம்பித்துவிட்டார்.

உண்மைதான். குழந்தையைக் காணோம் என்றால் உடனே எஃப்.ஐ.ஆர். போட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013லேயே சொல்லிவிட்டது. குழந்தைகள் உதவி எண் 1098க்கும் அழைக்கலாம். நானும் அதுவரை அந்த 24 மணி நேரக் கதையை நம்பியவன்தான்.

அப்புறம் வரிசையாகக் கேள்விகள். நெருங்கிய நண்பன் யார்? அவன் வீட்டு நம்பர்? வீட்டில் திட்டினீர்களா?

கடைசிக் கேள்விக்கு இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பத்து மணிக்கு நண்பன் வீட்டு மொட்டை மாடியில் கிடைத்தான். ரேங்க் கார்டு விவகாரம். சட்டை மஞ்சள்.

ஏழு மணிக்கு மேல் பிள்ளைகளை வெளியே விடக்கூடாது என்று தெருவில் இப்போது ஒரே பேச்சு. அமெரிக்காவில் பல ஊர்களில் இரவில் சிறுவர்கள் வெளியே திரியக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. சரி, இருக்கட்டும். இவன் வீட்டுக்கு வரப் பயந்துதானே வெளியே உட்கார்ந்திருந்தான்?

இன்று காலை ஸ்கூல் வேன் வருவதற்குள் மகளை வாசலில் நிறுத்தி ஒரு போட்டோ எடுத்தேன்.

"எதுக்குப்பா?"

"சும்மாம்மா."