வாயு மூலையில் கோழிக்கூடு

"மாமா, இனி நீங்கள் கூட்டுக்குள் கால் வைத்தால் பன்னிரண்டையும் குழம்பு வைத்துவிடுவேன்."

போன ஆடியில் மருத்துவமனையிலிருந்து திரும்பிய அன்று மருமகள் சொன்னது இது. 11 பெட்டை, ஒரு சேவல். அவள் சொன்னால் செய்கிறவள் என்பதால் நானும் அடங்கிவிட்டேன்.

எனக்கு சி.ஓ.பி.டி. என்கிற நாள்பட்ட மூச்சடைப்பு நோய். மண்டபம் ஊரில் ஐஸ் கம்பெனியில் கணக்கெழுதிய காலத்தில் ஒரு நாளைக்கு இரண்டு கட்டு பீடி பிடித்தேன். விட்டு ஆறு ஆண்டுகள் ஆகின்றன, கெட்டது கெட்டதுதான். ஊதிப் பார்க்கும் சோதனையில், ஒரு நொடியில் நான் வெளியே தள்ளும் காற்று, என் வயதுக்கும் உயரத்துக்கும் இருக்க வேண்டியதில் 42 சதவீதம். வேதாளைக் கடற்கரையிலிருந்து வீடு வந்து சேர்வதற்குள் இரண்டு பனைகளின் அடியில் நின்று, காய் எத்தனை என்று எண்ணுவதுபோல் பாவனை செய்வேன்.

மருத்துவமனைக்குப் போக நேர்ந்த அன்று, தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று பேயாக அடித்துக்கொண்டிருந்தது. கூட்டில் வைக்கோலும் எச்சமும் காய்ந்து அடையடையாகக் கிடந்தன. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு ஈர்க்குமாற்றால் பெருக்கினேன். ஓலை இடுக்கில் விழுந்த வெயிலில் தூசி புகைபோலச் சுழன்றது. காய்ந்த எச்சம், இறகுத் தூள், தவிடு, வைக்கோலில் பூத்த பூஞ்சை எல்லாம் சேர்ந்த தூசி அது. அதைத் துண்டால் தடுப்பது இறால் வலையில் கொசு பிடிக்கிற கதை. இரவு படுக்க முடியவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து முழங்காலில் கை ஊன்றி மூச்சை இழுத்துக்கொண்டிருந்தேன். விரலில் மாட்டும் கருவி ரத்தத்தில் ஆக்சிஜன் 84 சதவீதம் என்று காட்டியது. மகன் 108-ஐ அழைத்தான்.

மருத்துவர் பீடியைப் பற்றி ஒரே கேள்வி கேட்டார், கோழிகளைப் பற்றிப் பத்துக் கேள்விகள். கூட்டைச் சுத்தம் செய்த சில மணி நேரத்தில் காய்ச்சல் வருமா? வெளியூர் போனால் இருமல் குறைகிறதா? பறவைகளின் எச்சத்திலும் இறகிலும் உள்ள புரதம் சிலருக்கு ஒவ்வாமல் போய் நுரையீரலையே தழும்பாக்கிவிடுமாம். புறா வளர்ப்பவர்களிடம் அதிகம் பார்க்கிற நோய். அது வந்தவர்கள் முகக்கவசம், காற்றோட்டம் என்றெல்லாம் பேரம் பேச முடியாது, பறவைகளை விட்டே ஆக வேண்டும். ஸ்கேன் எடுத்துப் பார்த்து எனக்கு அது இல்லை என்ற பிறகுதான் கோழிகளுக்கு உயிர்ப்பிச்சை கிடைத்தது. கூட்டுக்குள் நுழையக் கூடாது என்ற நிபந்தனையுடன்.

கூட்டை இடம் மாற்றியதுதான் பெரிய வேலை. பழைய கூடு அடுப்படிக்குப் பின்னால் தென்மேற்கில் இருந்தது. கச்சான் அங்கிருந்துதானே வருகிறது? ஐந்து மாதமும் எச்சத்தூளை நேராக என் கட்டிலுக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. வடகிழக்கில் வைத்தால் ஐப்பசிக்கு மேல் வாடைக்காற்று அதே வேலையைச் செய்யும். காகிதத்தில் வீட்டை வரைந்து இரண்டு காற்றுக்கும் அம்புக்குறி போட்டுப் பார்த்தேன். வடமேற்கு மூலை இரண்டுக்கும் தப்பியது. வாஸ்து பார்க்கும் சம்பந்தி "அது வாயு மூலை, நல்லதுதான்" என்றார். அவர் காரணம் வேறு, என் காரணம் வேறு. இடம் ஒன்றாக அமைந்ததில் இருவருக்கும் மகிழ்ச்சி.

வைக்கோலை ஒழித்துவிட்டுக் கட்டட வேலையில் மிஞ்சிய பருமணலைப் பரப்பினோம். மருமகள் தினமும் காலையில் எச்சத்தை அள்ளிவிடுகிறாள். அள்ளுவதற்கு முன் தண்ணீர் தெளிப்பாள், கோலத்துக்குத் தெளிக்கிற அளவுதான். ஊறவிட்டால் எச்சத்திலிருந்து அம்மோனியா கிளம்பிக் கண்ணைக் கரிக்கும், என் நெஞ்சுக்கு அதுவும் ஆகாது. குஞ்சுகளைப் பஞ்சாரத்தோடு திண்ணையில் கவிழ்த்து வைக்கிற என் அம்மா காலத்து வழக்கமும் போயிற்று. தூவி உதிரும் பருவத்தில் குஞ்சு அருகிலேயே வேண்டாம்.

எனக்கும் ஒரு என்95 முகக்கவசம் வாங்கித் தந்திருக்கிறார்கள், வெளியே நின்று தீவனம் போடுவதற்கு. தாடி இருந்தால் அது கன்னத்தில் ஒட்டாது, இடுக்கில் காற்று புகுந்துவிடும். நாற்பது ஆண்டு வைத்திருந்த தாடியை எடுத்தேன். பேரன் இரண்டு நாள் என் பக்கமே வரவில்லை.

சாயங்காலம் கோழிகளை அடைக்கக் கூப்பிடுவது மட்டும் இன்னும் என் வேலை. முன்பெல்லாம் "பா... பா... பா..." என்று ஒரே மூச்சில் தெரு முனைவரை கேட்கக் கூப்பிடுவேன். இப்போது மூன்றாவது "பா" வருவதற்குள் இருமல் வந்துவிடுகிறது. அதனால் தகரத் தட்டில் கொட்டாங்கச்சியால் தட்டிக் கம்புத் தானியத்தை இறைத்துப் பழக்கினேன். பத்து நாளில் படித்துவிட்டன. கழுத்தில் இறகில்லாத கிராப்புக்கோழி ஒன்று மட்டும் முருங்கை மரத்தில் ஏறிக்கொண்டு இறங்க மறுக்கிறது. அதை இறக்கப் பேரனுக்கு ஒரு நாளைக்கு இரண்டு ரூபாய் கூலி. நேற்று மூன்று கேட்டான்.