பல்லி என்று நினைத்த சத்தம்

சுவரில் பல்லி கத்துகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். அம்மா பலன் பார்க்கக் காலண்டரையே எடுத்துவிட்டாள். சத்தம் வந்தது லேப்டாப்பின் இடது மூலையிலிருந்து. டிக், டிக், கொஞ்சம் இடைவெளி, மறுபடியும் டிக். கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி, பூட் செய்ய வட்டு எதுவும் கிடைக்கவில்லை என்று.

2017-ல் வாங்கியது. 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், நிமிடத்துக்கு 5,400 சுற்று. இரண்டு மாதமாகவே ஒரு எக்செல் கோப்பு திறப்பதற்குள் காபி போட்டுக் குடித்துவிடலாம். பழசு, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

எங்கள் ஊர் நீடாமங்கலம் பக்கம். தெருவில் நாலைந்து குடும்பங்களின் சிட்டா, அடங்கல், கொள்முதல் நிலைய ரசீது எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து நான்தான் வைத்திருப்பேன். ஐப்பசி மழை, சம்பா நடவு முடிந்து பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசித் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு பிரதி எங்கே என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

மன்னார்குடியில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். "டேட்டாவுக்கு கேரண்டி இல்ல சார். புதுசு மாட்டி விண்டோஸ் ஏத்தித் தர்றேன்" என்றார்கள். எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் ஃப்ரீசரில் ஒரு ராத்திரி வைக்கச் சொன்னார். அதற்குள் ஈரம் கோத்துக்கொண்டால் அதோடு சரி. இன்னொருவர் அரிசி மூட்டைக்குள் புதைக்கச் சொன்னார். நெல் விளைகிற ஊரில் எதற்கெடுத்தாலும் அரிசிதான் மருந்து.

தஞ்சாவூரில் இன்ஜினியரிங் படிக்கும் அக்கா பையனுக்கு ஃபோன் போட்டேன். அவன் கேட்ட முதல் கேள்வி: "மாமா, அதுக்கப்புறம் எத்தனை தடவை ஆன் பண்ணீங்க?"

ஐந்தாறு தடவை இருக்கும் என்றேன். திட்டவில்லை, ஆனால் கொஞ்ச நேரம் பேசவும் இல்லை. படிக்கும் முனை தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் போய்ப் போய்த் திரும்புகிற சத்தம்தான் அந்த டிக் டிக். ஒவ்வொரு ஓட்டமும் மிச்சமிருப்பதையும் கெடுக்கலாம். பயாஸில், அதாவது கணினி கிளம்பும் முன் வரும் அமைப்புத் திரையில், வட்டின் பெயர் வருகிறதா என்று பார்க்கச் சொன்னான். வந்தது. வராவிட்டால் வீட்டு வைத்தியம் செல்லாது, தரவு மீட்கும் ஆய்வகத்துக்குத்தான் அனுப்ப வேண்டுமாம்.

அவன் சொன்னபடி வேறொரு கணினியில் 8 ஜிபி பென் டிரைவில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றி, அதிலிருந்து லேப்டாப்பைக் கிளப்பினேன். என் லேப்டாப்பில் எஃப்12 அழுத்தினால் எதிலிருந்து கிளம்ப வேண்டும் என்று கேட்கும். 1 டிபி வெளி வட்டு ஒன்று வாங்கி, டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டேன். அது கோப்பு கோப்பாக எடுப்பதில்லை. வட்டை அப்படியே படியெடுக்கிறது. முதல் சுற்றில் சுலபமாக வருவதை வாரிக்கொண்டு, கெட்ட இடங்களைத் தாண்டிப் போய்விடும். அடுத்த சுற்றில்தான் அந்த இடங்களோடு மல்லுக்கட்டும். எது வந்தது, எது வரவில்லை என்று ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொண்டே போகும்.

அந்தக் கோப்பை டெஸ்க்டாப்பில் வைக்கப் போனேன். "வெளி வட்டுல வைங்க மாமா, பென் டிரைவ் லினக்ஸ்ல வச்சா ஆஃப் ஆனதும் போயிடும்" என்றான். முதல் ராத்திரியே அதன் அருமை தெரிந்தது. பதினொரு மணிக்குக் கரண்ட் போனது. என் பேட்டரி இருபது நிமிடம்தான் தாங்கும். ஒன்றரை மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்தபோது எல்லாம் அணைந்து கிடந்தது. மறுபடி கிளப்பி அதே கட்டளையைக் கொடுத்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. இரண்டாவது ராத்திரி முடிவில் மீட்டது 99.9 சதவீதம். போதும் என்று நிறுத்திவிட்டேன்.

பிறகு தஞ்சாவூரில் 480 ஜிபி எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாத சிப் வட்டு, வாங்கினேன். 2.5 அங்குலம், பழைய வட்டு மாட்டியிருந்த அதே சாட்டா இணைப்பு வகை, 7 மி.மீ. தடிமன் என்று எழுதிக்கொண்டு போனதால் தப்பித்தேன். முதலில் கடைக்காரர் எடுத்து வைத்தது சுவிங்கம் பட்டை போன்ற எம்.2 என்ற வேறு வகை. என் லேப்டாப்பில் அதற்கு இடமே கிடையாது.

அடிமூடியில் 11 திருகுகள், அதில் இரண்டு ரப்பர் காலுக்கு அடியில் ஒளிந்திருந்தன. எல்லாம் ஒரே நீளமும் இல்லை. பழைய காலண்டர் அட்டையில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, எந்தத் திருகு எந்த இடமோ அங்கேயே குத்தி வைத்தேன். காலாவதியான ஏடிஎம் கார்டால் மூடியை நெம்பி, முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றினேன். பழைய வட்டின் தகரச் சட்டத்தை எஸ்எஸ்டிக்கு மாற்றி மாட்டியதோடு அந்த வேலை முடிந்தது.

இயங்குதளம் எது என்பதில்தான் யோசனை. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. என்னுடையது ஏழாம் தலைமுறை ஐ3 செயலி. விண்டோஸ் 11 ஏற்கும் செயலிகளின் பட்டியலில் அது இல்லை. இரண்டு ராத்திரி கூடவே விழித்திருந்த மின்ட்டையே நிரந்தரமாக்கிவிட்டேன். நிறுவ அரை மணிகூட ஆகவில்லை. பிற மொழிகளில் தட்டச்சு செய்ய உதவும் ஐபஸ் மென்பொருளும் எம்17என் தொகுப்பும் சேர்த்ததும் தமிழ்99 விசைப்பலகையும் வந்தது.

ஒரு சிக்கல் மட்டும். அப்பா தட்டச்சு செய்த பழைய கடிதங்கள் புரியாத ஆங்கிலக் குறிகளாகத் திறந்தன. எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டுக்கு முந்தைய எழுத்துருவில் அடித்தவை, அந்த எழுத்துரு இருந்தால்தான் படிக்க முடியும். நல்லவேளை, வட்டையே முழுசாகப் படியெடுத்திருந்ததால் பழைய விண்டோஸின் எழுத்துருக் கோப்புறையும் உள்ளேயே இருந்தது. ஆவணக் கோப்புறையை மட்டும் எடுத்திருந்தால் அது போயிருக்கும்.

அடங்கல்கள் ஒன்றுவிடாமல் கிடைத்தன, காப்பீட்டுக்கும் கட்டியாயிற்று. ஸ்கேன்கள் இப்போது அக்கா வீட்டிலும் ஒரு பென் டிரைவில் இருக்கின்றன. திருவாரூர் ஆழித்தேர் படம் ஒன்று மட்டும் பாதிக்குக் கீழே சாம்பல் நிறமாக வந்தது. கலசமும் தேர்ச்சீலையும் தெரிகின்றன. சக்கரத்தையும் வடத்தையும் காணோம். அழிக்க மனமில்லாமல் அதையும் வைத்திருக்கிறேன்.