“திறந்தாச்சா?”

“வால்வு திறந்தாச்சா?” “திறந்தாச்சு.” ஸ்கூபா டைவ் படகில், முதுகில் மாட்டும் காற்று சிலிண்டரின் வால்வைப் பற்றி நடக்கும் இந்தப் பேச்சை எத்தனை முறை ஓட்டிப் பார்த்தாலும், இதில் பொய் சொன்னவர் யாரும் இல்லை. கேட்டவர் அக்கறையோடுதான் கேட்டார். பதில் சொன்னவர் கைப்பிடியைத் திருகியதும் உண்மை. எந்தப் பக்கம் திருகினார் என்பதுதான் கேள்வி.

வால்வை முழுக்கத் திறந்துவிட்டுக் கால் சுற்று பின்னால் திருப்பி வைக்கும் பழக்கம் பலருக்கும் உண்டு. ஏற்கெனவே திறந்திருக்கும் வால்வை, உதவிக்கு வந்தவர் மூடும் பக்கமாகத் திருகி, அது நின்றதும் ‘முழுக்கத் திறந்துவிட்டது’ என்று நினைத்துக் கால் சுற்று திருப்பி வைத்தால்? இப்போது வால்வு கால் சுற்றுதான் திறந்திருக்கிறது. சிலிண்டரின் அழுத்தத்தைக் காட்டும் கேஜ் 200 பார், அதாவது சிலிண்டர் நிறைந்திருக்கிறது என்று காட்டும். நீருக்கு மேலே இரண்டு மூச்சு இழுத்தால் காற்றும் வரும். 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் நான்கு மடங்கு என்பதால், ஒரு மூச்சுக்கு நான்கு மடங்கு காற்று வேண்டும். அந்தச் சிறு இடுக்கால் அவ்வளவு கொடுக்க முடியாது. இழுக்கும்போது கேஜின் முள் சரியும், விடும்போது ஏறும். மூச்சை விடும் நேரத்தில் பார்த்தவருக்கு மறுபடி 200 தான் தெரியும்.

அறிக்கையில் இதற்கு ‘டைவரின் கவனக்குறைவு’ என்று எழுதுகிறோம். அந்த இரண்டு சொல்லோடு விசாரணையே முடிந்துபோகிறது. கால் சுற்றைச் சொல்லிக்கொடுத்தது யார்? நீரோட்டம் மாறுவதற்குள் இறங்கியாக வேண்டும் என்று அவசரப்படுத்தியது எது? அதற்குப் பிறகு யாரும் கேட்பதில்லை.

1976 முதல் அமெரிக்க விமானத் துறையில், தவறியதைத் தாங்களே எழுதித்தர ஓர் ஏற்பாடு இருக்கிறது. தண்டிக்கும் துறை அந்தக் கடிதங்களை வாங்குவதில்லை. நாசா வாங்கிப் பெயரை நீக்கிவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறார்கள். ஆனால் விபத்துக்கும் குற்றத்துக்கும் அங்கே பாதுகாப்பு கிடையாது. அந்தக் கோட்டை நாம் எங்கே போடுவது? அதே பயிற்சியும் அதே அவசரமும் உள்ள இன்னொருவர் அந்த இடத்தில் இருந்தால் இதையேதான் செய்திருப்பாரா என்று கேட்டுப் பார்க்கலாம். நல்ல கேள்விதான். ஆனால் ‘ஆமாம்’ என்ற பதில் சொல்லிக்கொடுத்த எங்களுக்கும் வசதியாக இருக்கிறது. அதுதான் உறுத்துகிறது. பறிகொடுத்த குடும்பத்தின் முன்னால் உட்கார்ந்து ‘யார் மேலும் தப்பில்லை’ என்று சொல்ல வாய் வராது. சொல்லவும் கூடாது என்றே தோன்றுகிறது. யாரைத் தண்டிப்பது என்பதும் எது நடந்தது என்பதும் வேறு வேறு விசாரணைகள். இரண்டையும் ஒரே மேசையில் வைத்தால், வால்வைத் தொட்டவர் வாயைத் திறக்கமாட்டார்.

செய்யக்கூடியது இவ்வளவு: வால்வு முழுக்கத் திறந்திருக்க வேண்டும், இல்லையேல் முழுக்க மூடியிருக்க வேண்டும், கால் சுற்றுப் பழக்கத்தை விட்டுவிடலாம். கேஜைப் பார்த்தபடி நாலைந்து மூச்சு நன்றாக இழுக்க வேண்டும். வால்வு மூடியே இருந்தாலும் ஹோஸில் தங்கிய காற்று ஓரிரு மூச்சுக்கு வரும் என்பதால் ஒரு மூச்சு போதாது. முள் அசையவே கூடாது. கடைசி நேரத்தில் வேறு யாராவது வால்வைத் தொட்டால், மறுபடி முதலிலிருந்து.

ஆகவே “திறந்தாச்சா?” என்பதற்குப் பதிலாக “முள் ஆடுதா?” என்று கேட்கச் சொல்கிறோம். அதற்கும் ஒருநாள், கேஜைப் பார்க்காமலே “ஆடலை” என்று பதில் வரக்கூடும்.