விழாத பால்பல்

மன்னார்குடிப் பக்கம் பல் கிளினிக் வைத்துப் பதினெட்டு வருடம் ஆகிறது. குறுவை நடவு சமயத்தில் பகலெல்லாம் ஈ ஓட்டிக்கொண்டிருப்பேன். பொழுது சாய்ந்த பிறகுதான் வயலிலிருந்து ஆட்கள் வருவார்கள்.

அப்படி ஒரு சாயங்காலம் அந்தப் பையனை அவன் அப்பாயி கூட்டிவந்தார். வயது பதினான்கு, வாயில் பாதிக்கு மேல் பால்பல். "விழவே மாட்டேங்குதுங்க டாக்டரம்மா. புடுங்கிவிட்டா புதுசு மொளைக்கும்ல?" எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கீழே இரண்டைப் பிடுங்கினேன். ஆறு மாதம் கழித்து வந்தபோது அந்த இடத்தில் ஈறு மொழுமொழுவென்று இருந்தது. தப்பு என்னுடையது. முதல் நாளே தாடை முழுக்க எக்ஸ்ரே எடுக்கச் சொல்லியிருக்க வேண்டும். தஞ்சாவூர் போகணும், ஒரு நாள் கூலி போகும் என்று அவர்களுக்காக நானே மிச்சம் பிடித்துவிட்டேன்.

பிறகு எடுத்த எக்ஸ்ரே படத்தில் பற்கள் எலும்புக்குள் நெருக்கியடித்துக் கிடந்தன. சில படுத்திருந்தன. கணக்குக்கு மேல் ஏழு பல். அப்போதுதான் பொறி தட்டியது. "தம்பி, ரெண்டு தோளையும் முன்னாடி சேர்த்துக் காட்டு." புத்தகத்தை மூடுகிற மாதிரி இரண்டும் தாடைக்குக் கீழே வந்து ஒட்டின. தடவிப் பார்த்தேன். கழுத்தடியிலிருந்து தோள் வரை போகும் காறை எலும்பு இருக்கவேண்டிய இடத்தில் விரலுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. அப்பாயி சிரித்தார்: "இவங்கப்பனும் சின்னதுல இந்த வித்தை காட்டுவான்." உச்சிக்குழியைப் பற்றிக் கேட்டேன். பள்ளிக்கூடம் சேர்த்த வயசிலும் துடித்துக்கொண்டிருந்ததாம்.

எல்லாவற்றுக்கும் ஒரே காரணம், ரன்க்ஸ்-2 மரபணு. எலும்பு கட்டும் செல் உருவாக அது வேண்டும். 1997-இல் எலியில் அதன் இரண்டு பிரதிகளையும் நீக்கிப் பார்த்தார்கள். குட்டிகளின் உடம்பு முழுக்கக் குருத்தெலும்புதான். பிறந்ததும் மூச்சுவிட முடியாமல் செத்தன. ஒரு பிரதி மட்டும் பழுதானால் இந்தப் பையனைப் போல. கருவில் முதலில் எலும்பாகத் தொடங்குவது காறை எலும்பு, அதையொட்டியே கீழ்த்தாடை. முளைக்கும் பல்லுக்கு மேலுள்ள எலும்பை அரித்து வழிவிடும் செல்களை வரவழைப்பதிலும் இதற்குப் பங்கு உண்டு. அப்புறம் பால்பல்லை மட்டும் பிடுங்கினால் புதுசு எப்படி வரும்?

இனி அதிகப்படிப் பற்களை எடுத்து, புதைந்தவற்றைத் திறந்து, கம்பி கட்டி இழுக்க வேண்டும். வருடக்கணக்காகும். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தேன்.

அடுத்த வாரம் பையனின் அப்பா வந்தார். துண்டால் வாயை மறைத்தபடியே, பல்செட் என்ன விலை என்று கேட்டார்.

"சரி, முதல்ல தோளைக் காட்டுங்க" என்றேன்.