மரக்கிண்ணம் கடைதல்: ஆறு மாதக் குறிப்புகள்

கடந்த தை மாதம், மரத்தைச் சுழலவிட்டு உளியால் சீவும் ஒரு சிறிய மேசைக் கடைசல் இயந்திரம் வாங்கினேன். அரைக் குதிரைத்திறன் மோட்டார். பத்து அங்குல விட்டம் வரை மரத்தைச் சுழற்ற இடம். பெல்ட்டை மாற்றிப் போட்டால் நிமிடத்துக்கு 750, 1100, 1600, 2200, 3200 சுற்றுகள் என்று ஐந்து வேகங்கள். முதல் மூன்று வாரங்கள் பம்பரங்களும் ஒரு பூரிக்கட்டையும் கடைந்துவிட்டு, கை பழகிவிட்டது என்று நம்பிக் கிண்ணத்துக்குப் போனேன். இதுவரை ஏழு கிண்ணங்களைத் தொடங்கி நான்கை முடித்திருக்கிறேன். மற்ற மூன்றும் எப்படிக் கெட்டன என்பதைத்தான் அதிகமாக எழுத வேண்டியிருக்கிறது.

முதல் கிண்ணம் ஏழு அங்குல மாமரத் துண்டு. ரம்பத்தால் எட்டுப் பட்டையாக அறுத்து, இயந்திரத்தின் இரும்புத் தட்டில் திருகாணிகளால் முடுக்கிச் சுழலவிட்டதும் மேசையே நகரத் தொடங்கியது. பூரிக்கட்டைக்காக 1600-இல் போட்ட பெல்ட்டை நான் மாற்றவே இல்லை. விட்டத்தை அங்குலத்தில் எடுத்துச் சுற்று எண்ணிக்கையால் பெருக்கினால் 6000-க்கும் 9000-க்கும் இடையில் வர வேண்டும் என்பது கிண்ணம் கடைபவர்கள் பின்பற்றும் கணக்கு. என்னுடையது 11,200. அதுவும் சமன்படாத துண்டு என்றால் இருப்பதில் குறைந்த வேகத்தில்தான் தொடங்க வேண்டும். வேகத்தைக் குறைத்து வெளிப்புறத்தை எப்படியோ உருட்டினேன். உட்புறத்தைக் குடையும்போது குழி உளி ஒரு கணம் ஆழமாகக் கொத்த, அரை அங்குலமே இறங்கியிருந்த திருகாணிகள் மரத்தைப் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டன. துண்டு சுவரில் மோதி இரண்டாகப் பிளந்தது. முகக்கவசம் அணிந்திருந்தேன். கழுத்தில் துண்டோ தொளதொளத்த சட்டைக் கையோ இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்று இரவு நெடுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது கிண்ணம் உடையவில்லை. ஆனால் அதன் வெளிப்புறத்தில் எதிரெதிரான இரண்டு இடங்கள் மட்டும் பூனை பிறாண்டியது போலச் சொரசொரப்பாகவே இருந்தன. உப்புத்தாளால் ஒரு மணி நேரம் தேய்த்தும் அவை போகவில்லை. எங்கள் தெருக்கோடியில் ஒரு பெரியவர் இருக்கிறார். கட்டில் கால்களும் தொட்டில் கால்களும் கடைந்தே பிழைத்தவர், இப்போது பட்டறையை மூடிவிட்டார். கிண்ணத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். கட்டைவிரலால் விளிம்பைச் சுற்றித் தடவிப் பார்த்துவிட்டு, “கட்டில் காலுக்கு நார் நீளவாக்குல ஓடும் தம்பி, இதுல குறுக்கே ஓடுது, நீங்க அதை எதுத்து வெட்டியிருக்கீங்க” என்றார். தாம் வாழ்நாளில் ஒரு கிண்ணம்கூடக் கடைந்ததில்லை என்றும் சேர்த்துச் சொன்னார்.

என் தவறு முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. பம்பரத்தில் மரத்தின் நார் சுழலும் அச்சின் திசையிலேயே ஓடுவதால், பருத்த இடத்திலிருந்து ஒடுங்கிய இடத்தை நோக்கி வெட்டினால் ஒவ்வொரு நாருக்கும் அடியில் இன்னொரு நார் தாங்கி நிற்கும். வெட்டு வழவழப்பாக வரும். கிண்ணத்துக்குப் பலகைவாக்கில் துண்டை எடுப்பதால் நார் அச்சுக்குக் குறுக்கே கிடக்கிறது. எனவே வெளிப்புறத்தில் ஒடுங்கிய அடியிலிருந்து அகன்ற விளிம்பை நோக்கியும், உட்புறத்தில் விளிம்பிலிருந்து நடுவை நோக்கியும் உளியை நகர்த்த வேண்டும். பம்பரத்தில் பழகிய கையோடு நான் வெளிப்புறத்தை விளிம்பிலிருந்து அடிக்கு வெட்டிக்கொண்டிருந்தேன். ஒரு சுற்றில் நாரின் வெட்டுமுனை உளிக்கு எதிரே வருவது இரண்டு இடங்களில்தான். பிய்ந்த இடங்களும் இரண்டாக இருந்தது அதனால்தான்.

பெரியவர் வீட்டுக்கு வந்து என் உளியையும் பார்த்தார். அதை நகத்தில் வைத்து இழுத்துப் பார்த்ததோடு சரி, வேறொன்றும் சொல்லாமல் சாணைக்கல்லின் அருகே போய் உட்கார்ந்தார். சாய்வாகத் தீட்டிய முகம் முதலில் மரத்தின் மேல் படிந்து உரச வேண்டும், பிறகு கைப்பிடியை மெல்ல உயர்த்தினால் கூர்முனை தானாக மரத்தைத் தொடும் என்று செய்து காட்டினார். அன்றுவரை தூள் தூளாக விழுந்த மரம் முதன்முறையாக நீண்ட சுருளாக வந்து என் முழங்கை மேல் விழுந்தது. “அமுக்காதீங்க, மரம் தானா வந்து வெட்டுப்படும்” என்று மூன்று முறை சொன்னார். மோர் கடைவதற்கும் மரம் கடைவதற்கும் ஒரே சொல் பொருந்துவதை அன்றுதான் கவனித்தேன். இளவயதில் அவர் கற்ற கடைசலில் மோட்டார் கிடையாது, மத்துக்குச் சுற்றுவது போலக் கயிற்றைச் சுற்றி ஒருவர் முன்னும் பின்னும் இழுக்க, இன்னொருவர் உளி பிடிப்பாராம்.

மூன்றாவது கிண்ணம் புனலாயிற்று. அடியின் கனத்தை அளக்காமல் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று குடைந்ததன் பலன். நான்காவதைப் பச்சை மாமரத்தில் கடைந்தேன். மரத்தண்டின் நடுப்புள்ளி கிண்ணத்தின் அடியிலேயே இருக்கும்படி துண்டை எடுத்ததால் ஐந்தாம் நாள் அந்தப் புள்ளியிலிருந்து வெடித்துவிட்டது.

ஐந்தாவது, இவற்றில் என்னை அதிகம் காக்க வைத்தது. சாலையோரத்தில் வெட்டிப் போட்டிருந்த பூவரசங்கட்டையைக் கேட்டு வாங்கி, நடுப்புள்ளியை ஒதுக்கிப் பிளந்து, எட்டு அங்குலக் கிண்ணமாக முரட்டுக் கடைசல் செய்தேன். ஈர மரத்தில் சுவரின் கனம் விட்டத்தில் பத்தில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். உலரும்போது கோணினாலும் மறுபடி வட்டமாக்க மரம் மிஞ்சியிருக்கும். நாரின் வெட்டுமுனைகளில் மெழுகு பூசி, காகிதப் பையில் போட்டு, வாரந்தோறும் சமையலறைத் தராசில் நிறுத்தேன். 780 கிராமில் தொடங்கியது பதினான்காம் வாரம் 540-க்கு வந்து அங்கேயே நின்றது. நாரின் நீளவாக்கில் மரம் ஏறத்தாழச் சுருங்குவதே இல்லை, குறுக்குவாக்கில்தான் சுருங்கும் என்பதால் வட்டம் ஒரு வாக்கில் ஐந்து மில்லிமீட்டர் குறுகி நீள்வட்டமாகியிருந்தது. மறுபடி கடைந்தபோது வெளியே வந்த, வைரம் பாய்ந்த உள்மரத்தின் கருஞ்சிவப்பைப் பார்த்து வீட்டில் எல்லோரும் வந்து நின்றார்கள். ஹவாய் தீவுகளில் இதே பூவரசை மிலோ என்று அழைத்து உணவுக் கலங்கள் செய்திருக்கிறார்கள். நம்மிடம் பீப்பி ஊதுவதற்கு இலையைத்தான் நினைவில் வைத்திருக்கிறோம்.

ஆறாவதும் ஏழாவதும் உலர்ந்த பலா. பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இடையில் வாகைத் துண்டு ஒன்றை எடுத்து ஐந்தே நிமிடத்தில் தும்மல் தாங்காமல் வைத்துவிட்டேன். அதன் தூள் மூக்கை அரிக்கும். நல்ல முகமூடி வாங்காமல் அதைத் தொடுவதாக இல்லை.

எண்ணெய் விஷயத்திலும் ஒரு பாடம் கிடைத்தது. இரண்டாவது கிண்ணத்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவினேன். அது உலராத எண்ணெய். ஒரு மாதத்தில் சிக்கு வாடை வந்துவிட்டது. இப்போது ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாக மூன்று முறை பூசி, ஒவ்வொரு பூச்சையும் நன்றாக உலரவிட்டு, மேலே தேன்மெழுகு தேய்க்கிறேன்.

பூவரசுக் கிண்ணத்தின் உட்புறத்தில் அடிக்குச் சற்று மேலே, சுவர் வளைந்து தரையாக மாறும் இடத்தில், விரலுக்குத் தெரியும் ஒரு மேடு இன்னும் இருக்கிறது. அந்த வளைவில் உளியின் சாய்முகம் மரத்தை விட்டு எழும்பிவிடுகிறது. முகத்தை இன்னும் செங்குத்தாகத் தீட்டினால் சரியாகும் என்று தோன்றுகிறது. அதைச் சோதிக்க இன்னொரு பூவரசு, 810 கிராம், காகிதப் பையில் இரண்டாவது வாரமாக உலர்ந்துகொண்டிருக்கிறது.