முதுகில் கட்டிய பலகை

ஜெர்மன் நடிகை ஹன்னா ஷிகுல்லாவை நான் முதலில் பார்த்தது சக் நோரிஸ் படமொன்றில். கிளிநொச்சி உருத்திரபுரத்தில் கரண்ட் இல்லாத காலம். வீடியோ டெக்கும் ரீவியும் வாடகைக்கு எடுத்து, துளி பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடவிட்ட ஜெனரேற்றரை நம்பி, முற்றத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தோம். படம் 1986இல் வந்த ‘டெல்டா ஃபோர்ஸ்’. பெடியளுக்கெல்லாம் ராக்கெட் அடிக்கிற மோட்டார் சைக்கிளில்தான் கண். எனக்கு அந்த விமானப் பணிப்பெண். யூதர்களின் கடவுச்சீட்டுகளைப் பிரித்துத் தா என்று கடத்தல்காரன் கேட்க, நான் ஜெர்மன்காரி, என்னால் முடியாது என்பாள். இங்கிலீஷ் தெரிந்த மாமா ஒருவர் இதை எங்களுக்குச் சொன்னார். ஜெர்மன்காரி என்றால் ஏன் முடியாது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்த நடிகையின் பெயர் தெரிந்ததே போன வருடம்தான். ஜேர்மனியிலிருக்கும் அக்கா, ‘மரியா பிரௌனின் திருமணம்’ கட்டாயம் பார் என்றாள். ஜெர்மன் இயக்குநர் ஃபாஸ்பிண்டர் எடுத்தது, 1979இல் பெர்லின் விழாவில் ஷிகுல்லாவுக்குச் சிறந்த நடிகைக்கான வெள்ளிக் கரடி விருது வாங்கிக் கொடுத்த படம். சின்னம்மாவும் நானும் லப்டொப்பில் பார்த்தோம். சின்னம்மாவின் மகன் 2009 மே மாதம், போர் முடிகிற நாட்களில், இராணுவத்தின் பக்கம் போக வட்டுவாகல் பாலம் கடந்ததோடு சரி, பிறகு தகவல் இல்லை. 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடும் தாய்மார் போராட்டம் தொடங்கியபோது போய் இருந்தவர்களில் அவரும் ஒருவர்.

குண்டு விழுந்துகொண்டிருக்கையில் மரியாவுக்குக் கலியாணப் பதிவு. கணவன் போர்முனைக்குப் போய்க் காணாமல் போகிறான். அவன் பெயரெழுதிய பலகையை முதுகில் கட்டிக்கொண்டு ரயில் நிலையத்தில் தேடுகிறாள்.

“முதுகில ஏன் கட்டியிருக்கிறாள்? நாங்கள் நெஞ்சில எல்லோ பிடிக்கிறம்” என்றார் சின்னம்மா.

பின்னால் வருகிறவர்களும் வாசிக்கலாம், கையும் சும்மா இருக்கும் என்றேன். கொஞ்சம் யோசித்தார். “அதுவும் சரிதான். பிடிச்சுப் பிடிச்சுக் கை உளைஞ்சுபோம்.”

ஷிகுல்லாவுக்கு இது வெறும் நடிப்பாக மட்டும் இருந்திருக்குமா தெரியாது. 1943இல், இப்போது போலந்தில் இருக்கும் ஊரில் பிறந்தவர். தாயோடு அகதியாக மியூனிக் வந்திருக்கிறார். போரில் பிடிபட்ட தகப்பன் 1948இல்தான் விடுதலையானார்; அப்போது பிள்ளைக்கு நாலு வயது கடந்துவிட்டது.

மியூனிக் நடிப்புப் பள்ளியில் ஃபாஸ்பிண்டரைச் சந்தித்து, 1969இலிருந்து அவருடைய படங்களில் நடித்தார். 1974இல் ‘எஃபி பிரீஸ்ட்’ வந்தபின் இருவருக்கும் சில வருடம் ஒத்துவரவில்லை. மரியாவாகத்தான் திரும்பி வந்தார். தொலைக்காட்சியில் 1972இலேயே ஃபாஸ்பிண்டரோடு தொழிலாளர் குடும்பம் ஒன்றைப் பற்றிய ஐந்து பாகத் தொடர் செய்திருந்தார்; மரியாவுக்குப் பிறகு 1980இல் 14 பாக ‘பெர்லின் அலெக்சாண்டர்பிளாட்ஸ்’. நான் ஆறாம் பாகத்தோடு களைத்துவிட்டேன். 1983இல் கான் விழாவிலும் சிறந்த நடிகை விருது.

இவரிடம் எனக்குப் பிடித்தது அந்த மந்தமான பேச்சு. நித்திரையால் எழும்பி வந்த மாதிரி. ஆனால் மரியா நித்திரையில் இல்லை, உள்ளுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறாள். நம்முடைய படமென்றால் அந்த ரயில் நிலையத்தில் வயலின் கதறியிருக்கும்.

அடுத்த கிழமை, துருக்கி வழிவந்த ஜெர்மன் இயக்குநர் ஃபாத்தி அகின் 2007இல் எடுத்த படத்தைப் போட்டேன். அதில் ஷிகுல்லா வயதான தாய். மகள் இஸ்தான்புல்லில் சுடப்பட்டுச் சாகிறாள். தாய் அங்கே போய் ஹோட்டல் அறையில் தனியே கிடந்து துடிக்கிறாள். கமெரா மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறது, கிட்டப் போகவேயில்லை. நான் சின்னம்மாவைப் பார்த்து, நிறுத்தட்டோ என்று கேட்டேன்.

“அவவுக்குப் பிள்ளையின்ர உடம்பு கிடைச்சதோ?”

“ஓம் சின்னம்மா. பெட்டியில ஊருக்குப் போனதைக் காட்டினவங்கள்தானே.”

“அப்ப சரி. ஓட விடு.”